வன்னியிலிருந்து சர்வதேச ஓட்டிசம் மாநாட்டுக்கு: உளவியல் மாணவருக்கும் விரிவுரையாளருக்கும் முழுமையான வழிகாட்டி

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கத்திலிருந்து உளவியல் படிப்பவர்களும் படிப்பிப்பவர்களும் வெளிநாட்டு ஓட்டிசம் மாநாடு ஒன்றுக்குப் போக என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன். ஒழுங்கு பிசகுவதால்தான் அதிகம் பேர் மாட்டுப்படுகிறார்கள். ஆய்வுச் சுருக்கத்தை முதலில் அனுப்புவார்கள். அது ஏற்கப்பட்ட பிறகு கடவுச்சீட்டைத் தேடுவார்கள். அது கைக்கு வரும்போது விசாவுக்கு நாள் இராது. கடைசியில், ஆய்வை விளக்கி மாநாட்டு மண்டபத்தில் மாட்டும் போஸ்டரை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு ஊரிலேயே நின்றுவிடுவார்கள்.

மாநாட்டுக்கு ஓராண்டு இருக்கும்போதே தொடங்குங்கள். எட்டு மாதத்துக்குக் கீழே போனால் ஓட்டப்பந்தயம்தான்.

1. பிறப்புச் சான்றிதழ், பிறகு கடவுச்சீட்டு

ஆய்வுத் தலைப்பு முடிவாகாவிட்டாலும் இதைத் தொடங்கலாம். யுத்தம் முடிந்த 2009க்கு முன் வன்னியில் பிறந்த பலரின் மூலச் சான்றிதழ்கள் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன. கையில் இருப்பது பழைய போட்டோக் கொப்பி மட்டும் என்றால், பிறப்புப் பதிவான இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுங்கள். பதிவேட்டிலேயே பெயர் இல்லை என்றால் மீள்பதிவு செய்ய வேண்டும், அது மாதக் கணக்கில் இழுபடும். இதை முதலில் வைப்பதற்குக் காரணம் அதுதான்.

பிரதி கிடைத்ததும் அதில் உள்ள பெயரையும் அடையாள அட்டைப் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தந்தை பெயர் ஒன்றில் முதலெழுத்தாகவும் மற்றதில் முழுதாகவும் இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். இதைக் கடவுச்சீட்டு எடுக்கும் முன்பே சரி செய்வது நல்லது. பிறகு திருத்தப் போனால் இரண்டு வேலை.

கடவுச்சீட்டுக்காகப் பத்தரமுல்லை வரை போகத் தேவையில்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் வவுனியாவிலேயே உண்டு. நாள் முன்பதிவு வேண்டுமா என்பதை மட்டும் விசாரித்துவிட்டுப் போங்கள்.

கடவுச்சீட்டு வந்த பிறகு மாநாட்டுப் பதிவு, அழைப்புக் கடிதம், விமானச் சீட்டு, தங்குமிடம் எல்லாவற்றிலும் அதில் உள்ள பெயரையே அப்படியே போடுங்கள். கம்பசில் கூப்பிடும் பெயரில் பதிவு செய்துவிட்டு, அழைப்புக் கடிதத்தைத் தூதரகத்தில் நீட்டும்போதுதான் பலருக்கு வித்தியாசம் கண்ணில் படுகிறது.

2. எந்த மாநாடு என்று தெரிவு செய்தல்

ஆய்வை மையமாகக் கொண்ட பெரிய கூட்டம் இன்சார் எனப்படும் சர்வதேச ஓட்டிசம் ஆய்வுச் சங்கத்தின் வருடாந்த மாநாடு. 2023இல் ஸ்டொக்ஹோமிலும் 2024இல் மெல்பேணிலும் 2025இல் சியாட்டிலிலும் நடந்தது. ஏப்ரல், மே மாதங்களில் கூடுவது வழக்கம். சுருக்கங்களை ஏறக்குறைய அரையாண்டுக்கு முன்பே கேட்டுவிடுவார்கள். ஓட்டிசம்-யூரோப் என்ற அமைப்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் மாநாடு வேறு வகை. பெற்றோர், ஓட்டிசமுள்ள பெரியவர்கள், ஆசிரியர்கள் எல்லோரும் கலந்து நிற்பார்கள். 2022இல் கிராக்கோவிலும் 2025இல் டப்ளினிலும் கூடியது.

முதல் தடவை போகும் இளங்கலை மாணவருக்கு நான் சொல்வது, இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ நடக்கும் கூட்டம் ஒன்றிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான். இலங்கையர் 30 நாள்வரை சிங்கப்பூரில் விசா இல்லாமல் நிற்கலாம். சென்னைக்குப் பலாலியிலிருந்தே விமானம் உண்டு. செலவும் குறைவு, விசாத் தலையிடியும் குறைவு.

இனிப் போலி மாநாடுகள். மின்னஞ்சலில் ‘மதிப்புக்குரிய பேராசிரியரே’ என்று மூன்றாமாண்டு மாணவருக்கு அழைப்பு வந்தால் சந்தேகப்படுங்கள். ஓட்டிசம், நரம்பியல், பல் மருத்துவம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டோம், காசு கட்டுங்கள் என்றால் விட்டுவிடுங்கள். இது சின்ன ஏமாற்று இல்லை. இப்படியான சஞ்சிகைகளையும் மாநாடுகளையும் நடத்திய ஒரு நிறுவனம் 50 மில்லியன் டொலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று 2019இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. சோதிக்க ஒரு எளிய வழி உண்டு: கடந்த மூன்று ஆண்டு நிகழ்ச்சி நிரல்களைத் தேடி எடுத்து, அதில் பேசியவர்களின் பெயர்கள் உங்கள் பாடக் கட்டுரைகளில் வருகின்றனவா என்று பாருங்கள்.

3. நெறிமுறை அனுமதி

ஒரு பெற்றோரிடமாவது வினாக்கொத்தை நீட்டும் முன் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்க வேண்டும். தரவு எடுத்த பிறகு அனுமதி கேட்டால் குழு தராது. சுருக்கப் படிவத்தில் அனுமதி பற்றிக் கேட்பார்கள், அந்த இடத்தை வெறுமையாக விட முடியாது. குழு மாதம் ஒருமுறை கூடி, திருத்தம் கேட்டு, மறுமாதம் மீண்டும் பார்க்கும் என்றே கணக்கு வையுங்கள்.

எங்கள் பக்கத்தில் அடையாளம் மறைப்பது கடினம். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ‘முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம், 7 வயதுப் பையன், தந்தை கடற்றொழில், இரட்டையரில் ஒருவன்’ என்று எழுதினால் அந்தப் பிரதேச செயலகப் பிரிவில் பாதிப் பேருக்கு அது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். மாவட்டத்தோடு நிறுத்துங்கள். வயதை ஒரு வீச்சாகக் கொடுங்கள், ஆய்வுக்குத் தேவையில்லாத குடும்ப விவரத்தை வெட்டுங்கள். பிள்ளைகளின் படம் போஸ்டரில் வேண்டவே வேண்டாம். தாய் சம்மதித்தார் என்பது போதாது, நாளைக்கு அந்தப் பிள்ளை பெரியவனாகி அதைப் பார்ப்பான்.

4. ஆய்வுச் சுருக்கம்

பின்னணி, நோக்கம், முறை, முடிவு, முடிவுரை என்ற ஐந்து துண்டுகளைத்தான் பொதுவாகக் கேட்பார்கள். அதிகம் நிராகரிக்கப்படுவது ‘முடிவுகள் மாநாட்டில் கலந்துரையாடப்படும்’ என்று எழுதியவை. தரவு இல்லாமல் அனுப்ப வேண்டாம். 30 தாய்மாரின் தரவுதான் இருக்கிறது என்றால் அந்த 30ஐயே நேர்மையாக எழுதுங்கள்.

கேள்வியைத் தெரிவு செய்வதில்தான் எங்கள் பிள்ளைகள் வாய்ப்பை இழக்கிறார்கள். ‘கிளிநொச்சியில் ஓட்டிசம் பற்றிய விழிப்புணர்வு குறைவு’ என்ற முடிவை மதிப்பீட்டாளர் நூறு நாட்டுப் பெயரில் வாசித்திருப்பார். இங்கே இருப்பவருக்கு மட்டும் தெரியக்கூடியதைக் கேளுங்கள். பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை என்று தாய் முதலில் கவலைப்பட்ட நாளுக்கும் முதல் மதிப்பீட்டு நாளுக்கும் இடையில் எவ்வளவு காலம்? அந்தக் காலத்தில் யார் யாரிடம் போனார்? மிட்வைஃப் மிஸ், முன்பள்ளி ரீச்சர், கோயில் ஐயர், தனியார் டொக்டர் ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள்? ‘ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைப்பான்’ என்று சொன்னது யார், அதனால் எத்தனை மாதம் போனது? கிளினிக் புத்தகத்தில் அந்த மாதங்களில் என்ன குறிக்கப்பட்டது? இதை ஸ்டொக்ஹோமில் இருக்கும் ஒருவரால் செய்ய முடியாது.

முறைப் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள்:

திரையிடலையும் (யாரை மேலும் மதிப்பிட வேண்டும் என்று பிரிக்கும் முதற்சோதனை) நோயறிதலையும் ஒன்றாக எழுதுவது முதலாவது. எம்-சாட்-ஆர்/எஃப் என்பது 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கான 20 கேள்வித் திரையிடல். 0 முதல் 2 வரை குறைந்த அபாயம். 3 முதல் 7 வரை வந்தால் பெற்றோரிடம் தொடர் நேர்காணல் செய்த பிறகே புள்ளி முடிவாகும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். எங்கள் மாணவர் பலர் நடுவில் உள்ள தொடர் நேர்காணலை விட்டுவிட்டு, 3 அல்லது அதற்கு மேல் எடுத்த எல்லோரையும் ‘ஓட்டிசமுள்ளவர்’ என்று எண்ணிவிடுகிறார்கள். ஏடொஸ்-2 என்பது ஓட்டிசத்தை மதிப்பிட, பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய நேரடி அவதானிப்பு. அதைச் செய்யவில்லை என்றால் ‘திரையிடலில் அபாயம் இருப்பதாக வந்தவர்கள்’ என்று எழுதுங்கள். குறைவாகத் தெரியும், ஆனால் கேள்வி நேரத்தில் காப்பாற்றும்.

இரண்டாவது, புள்ளிவிவரத்தை எடுத்தபடி ஒட்டுவது. ‘இலங்கையில் 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது 2009இல் வெளியான ஓர் ஆய்வின் எண். அரை நகர்ப்புறச் சமூகம் ஒன்றில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளைப் பார்த்தது. நாடு முழுவதற்கும், எல்லா வயதுக்கும் உரிய எண் இல்லை. அதன் பக்கத்தில் அமெரிக்காவின் 31இல் ஒருவர் என்பதை வைத்து ‘அங்கே மூன்று மடங்கு’ என்று எழுதுவது இன்னும் பிழை. அது 2022இல் 8 வயதாயிருந்த பிள்ளைகளின் பள்ளி, மருத்துவப் பதிவுகளிலிருந்து எடுத்தது. வயதும் வேறு, முறையும் வேறு.

மூன்றாவது பிழை யுத்தத்தைப் பற்றியது. வன்னி என்றதும் மனவடுவைப் பற்றிக் கேட்பார்கள். கேட்கிறார்களே என்று ஆய்வில் இல்லாத தொடர்பை இழுத்துவிடாதீர்கள். இப்போது திரையிடலுக்கு வரும் பிள்ளைகள் 2009க்கு நெடுங்காலம் பின் பிறந்தவர்கள். யுத்தம் அவர்களைத் தொட்டிருந்தால் பெற்றோரின் வாழ்க்கை, வருமானம், மருத்துவ வசதியின் தூரம் வழியாகத்தான் தொட்டிருக்கும். அதை அளக்கவில்லை என்றால் ‘நாங்கள் அளக்கவில்லை’ என்பதே பதில்.

எழுதிய பிறகு வேறு துறையில் உள்ள ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். உங்கள் சேர், மிஸ் தலைப்பை ஏற்கெனவே அறிந்தவர்கள், விடுபட்டது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

5. விடுமுறையும் பணமும்

விரிவுரையாளர் என்றால் துறைத் தலைவர், பீடாதிபதி என்று கடிதம் மேலே போய் அனுமதியாகித் திரும்பக் காலம் எடுக்கும். சுருக்கம் ஏற்கப்பட்ட கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழகப் பயண உதவிக்கும் அதே கடிதம்தான் தேவை. மாணவர் பரீட்சை அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

பதிவுக் கட்டணத்தில் நாட்டு வருமானத்துக்கு ஏற்ற தள்ளுபடி இருக்கிறதா என்று தேடுங்கள். உலக வங்கிப் பட்டியலில் இலங்கை கீழ்-நடுத்தர வருமான நாடு. அந்த வரிசையைக் கவனிக்காமல் முழுக் கட்டணம் கட்டியவர்கள் உண்டு. மாணவர் கட்டணத்துக்குத் துறைத் தலைவரின் கடிதம் கேட்பார்கள். பயண உதவிக்கு விண்ணப்பிக்கும் முடிவுத் திகதி பெரும்பாலும் சுருக்கத்தின் முடிவுத் திகதியோடு ஒட்டி வரும், ஆகவே இரண்டையும் ஒரே இரவில் எழுதப் பார்க்காதீர்கள். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்புமா, எந்தத் திகதிவரை என்பதையும் கட்டும் முன்பே வாசியுங்கள்.

6. விசா

ஐரோப்பிய செங்கன் நாடு ஒன்றை எடுத்துச் சொல்கிறேன், மற்ற நாடுகளுக்கும் இதே சிந்தனை பொருந்தும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குப் பிந்தக்கூடாது. முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், சில வேளை 45 நாள். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும். கடவுச்சீட்டு திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.

விரல் அடையாளம் கொடுக்கக் கொழும்புக்கு நேரில் போக வேண்டும். குழுவாகப் போகிறவர்கள் ஒரே நாளில் நேரம் எடுங்கள். ஒருவரின் கோவையில் குறைந்த தாளை மற்றவரின் கோவையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். தமிழில் உள்ள சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்து வையுங்கள். கொழும்பில் அன்றைக்கே செய்யலாம் என்று நம்பிப் போக வேண்டாம்.

தூதரகத்துக்கு ஒரே கேள்விதான்: திரும்பி வருவாரா? வன்னிக் குடும்பங்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பலரின் காணி பேர்மிட் காணி, கையில் உறுதி இல்லை. அப்பாவின் கணக்கில் நெல் விற்ற மாதம் காசு இருக்கும், மற்ற மாதம் இராது. இதை மறைக்கப் போய், விண்ணப்பத்துக்கு முதல் வாரம் யாரிடமாவது கடன் வாங்கிக் கணக்கில் போடுகிறார்கள். அந்த ஒரே வைப்புத்தான் சந்தேகத்தைக் கிளப்பும். பேர்மிட்டின் பிரதி, நெல் விற்ற பற்றுச்சீட்டு, கிராம அலுவலர் சான்று எல்லாவற்றையும் உள்ளபடி வைத்து, வருமானம் போகத்துக்குப் போகம் வரும் என்பதை ஒரு பக்கக் கடிதத்தில் விளக்குங்கள்.

மாணவருக்கு வலுவான தாள், அடுத்த அரையாண்டு தொடங்கும் திகதியும் இறுதிப் பரீட்சைக் காலமும் குறிப்பிட்ட பல்கலைக்கழகக் கடிதம். விரிவுரையாளருக்கு, கடமைக்குத் திரும்பும் திகதி போட்ட விடுமுறை அனுமதி. திகதி இல்லாத பொதுக் கடிதத்தால் பெரிய பயன் இல்லை.

பாரிசிலோ பேர்லினிலோ மாமா, சித்தி இருக்கிறார்கள் என்றால் அதை ஒளிக்க வேண்டாம். படிவத்தில் கேட்டால் உண்மையை எழுதுங்கள். அவர்கள் வீட்டில் தங்குவதானால் அந்த நாட்டுக்குரிய தாள் வேண்டும். பிரான்சில் என்றால், உங்களை வைத்திருப்பவர் தன் நகரசபையில் எடுத்த தங்குமிடச் சான்று. மாநாட்டு நாள்களில் ஹோட்டலிலும் பிறகு இரண்டு நாள் உறவினர் வீட்டிலும் என்றால் இரண்டுக்கும் தாள் வையுங்கள். மூன்று நாள் மாநாட்டுக்கு ஒரு மாத விசா கேட்பது நல்லதில்லை. சித்தி கோவிப்பா, பரவாயில்லை.

7. போஸ்டர்

அளவையும் நிமிர்ந்ததா கிடையா என்பதையும் மாநாட்டுக் குறிப்பில் பார்த்துவிட்டுத்தான் வடிவமைக்கத் தொடங்க வேண்டும். ஏ0 என்றால் 841க்கு 1189 மில்லிமீற்றர். கிடையாகச் செய்ததை நிமிர்ந்த பலகையில் மாட்ட முடியாது.

தாய்மாரின் வார்த்தைகளைத் தமிழில் போட நினைத்தால், பாமினியில் தட்டச்சு செய்ததை யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவை உள்ளே பதியுங்கள், வேறொரு கணினியில் திறந்து பாருங்கள், பிறகு அச்சுக்குக் கொடுங்கள். திருவிழாப் பதாகை அடிக்கும் பிளெக்ஸ் கடையில் மலிவாக முடியும், ஆனால் அது பாரம், மடித்தால் கோடு விழும். துணியில் அச்சிட்டால் மடித்துக் கைப்பையில் வைக்கலாம். எதுவானாலும் பெட்டியோடு அனுப்பாமல் கூடவே கொண்டுபோங்கள்.

800 சொல்லுக்கு மேல் இருந்தால் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். ஒரு படம், ஒரு அட்டவணை, ஒரு முடிவு.

8. புறப்படுதல்

வவுனியாவுக்கு அப்பால் இருப்பவர்கள் கொழும்புக்குப் போய்த் திரும்பிக் கட்டுநாயக்க வர வேண்டியதில்லை. புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகப் போகும் இரவு பஸ்ஸில் ஏறி, கட்டுநாயக்கச் சந்தியில் இறக்கிவிடும்படி நடத்துநரிடம் ஏறும்போதே சொல்லுங்கள். விடியற்காலை விமானம் என்றால் முதல் நாளே போய்விடுங்கள். வழியில் பஸ் பழுதாகி நின்றால் விமானம் காத்திருக்காது.

9. மண்டபத்துக்குள்

இந்த மாநாடுகளில் ஓட்டிசமுள்ளவர்கள் ஆய்வாளராகவும் பேச்சாளராகவும் உங்கள் பக்கத்துக் கதிரையிலும் இருப்பார்கள். எங்கள் மாணவருக்கு இது முதல் அதிர்ச்சி. இங்கே நாங்கள் பிள்ளைகளை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள். ‘ஓட்டிசத்தால் அவதிப்படுகிறவர்’, ‘நோர்மல் பிள்ளைகள்’, ‘குணப்படுத்துவது’ ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லாமல் பேசுவதற்குப் புறப்படும் முன்பே பயிற்சி செய்யுங்கள். ஒருவர் தன்னை எப்படிக் குறிப்பிடுகிறாரோ அப்படியே நீங்களும் குறிப்பிடுங்கள்.

சில மாநாடுகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை அணிவார்கள். பச்சை என்றால் வந்து பேசலாம். மஞ்சள் என்றால் தெரிந்தவர் மட்டும். சிவப்பு என்றால் விட்டுவிடுங்கள். கைதட்டாமல் கைகளை உயர்த்தி அசைக்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள், சத்தம் சிலருக்கு உடல் வலியாகவே இருக்கும். வாசனைத் திரவியம் பூச வேண்டாம். அமைதி அறையில் இருந்து போன் கதைப்பது, அங்கே செல்பி எடுப்பது இரண்டும் கூடாது. கருவி மூலம் தட்டச்சிட்டுப் பேசுகிறவரிடம் கேள்வி கேட்டால், பதில் வரும்வரை காத்திருங்கள். இடையில் அவருடைய துணையாளரைப் பார்த்துப் பேச வேண்டாம்.

போவதற்கு முன் ஒன்றை வாசித்துவிட்டுப் போக வேண்டும் என்றால், ஓட்டிசமுள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த இரட்டைப் பரிவுச் சிக்கல் பற்றிய கட்டுரை. ஓட்டிசமுள்ளவருக்கு மற்றவரைப் புரியவில்லை என்று மட்டும் சொல்வது பாதிதான், மற்றவருக்கும் அவரைப் புரிவதில்லை என்பது அதன் வாதம். அரைவாசி அமர்வுகளில் இது தெரிந்ததாகவே வைத்துப் பேசுவார்கள்.

எல்லா அமர்வுக்கும் போக முடியாது, ஒரே நேரத்தில் பல நடக்கும். முதல் இரவே நிகழ்ச்சி நிரலில் நாளுக்கு நான்கைத் தெரிவு செய்யுங்கள். குழுவாகப் போனவர்கள் பிரிந்து போங்கள். எங்கள் ஆட்கள் ஐந்து பேரும் ஒரே வரிசையில் இருந்துவிட்டு, ஐந்து பேரும் ஒரே குறிப்போடு வருவதைப் பார்த்தால் கோபம் வரும். உண்மையான பேச்சு போஸ்டர் நேரத்தில்தான். உங்கள் பலகையை விட்டு நகராதீர்கள். நீங்கள் யார், எங்கிருந்து, என்ன கண்டீர்கள் என்பதை இரண்டு வசனத்தில் ஆங்கிலத்தில் வாய்ப்பாடமாக வைத்திருங்கள். கேள்வி விளங்கவில்லை என்றால் மெதுவாகத் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள், ஊகித்துப் பதில் சொல்ல வேண்டாம்.

வெள்ளிக்கிழமை சைவம் என்றால் பதிவுப் படிவத்திலேயே குறித்துவிடுங்கள். அங்கே போய்க் கேட்டால் இலைக்கறி மட்டும்தான் கிடைக்கும்.

10. திரும்பிய பிறகு

முதல் வாரத்திலேயே மூன்று வேலை. சந்தித்தவர்களுக்கு, என்ன கதைத்தோம் என்ற ஒரு வரியோடு மின்னஞ்சல் போடுங்கள், ஒரு மாதம் போனால் அவர்களுக்கு உங்களை நினைவிராது. போர்டிங் அட்டைகள், ஹோட்டல் பில், பதிவுப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் நிதிப் பிரிவுக்குக் கொடுங்கள், மூலப் பிரதி இல்லாவிட்டால் பணம் இழுபடும். பிறகு, தரவு தந்த தாய்மாரைக் கூப்பிடுங்கள்.

அந்த மூன்றாவதைத்தான் அநேகர் விட்டுவிடுகிறார்கள். பீடத்தில் ஒளிப்படங்களோடு ஒரு விளக்கக்காட்சி நடக்கும், அதோடு சரி. கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு முன்பள்ளிக் கட்டடத்தில், பஸ் வசதியான சனிக்கிழமைக் காலை, ஒன்றரை மணி நேரம் போதும். நீங்கள் கண்ட முடிவைத் தமிழில் சொல்லுங்கள். கூடவே கையில் எடுத்துச் செய்யக்கூடிய ஒன்றைக் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் திறன் பயிற்சி 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கானது. ஒன்பது குழு அமர்வு, மூன்று வீட்டு வருகை. நிபுணர் இல்லாத இடங்களில் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே நடத்தும்படி அமைத்தது. பேச்சுச் சிகிச்சைக்கு யாழ்ப்பாணம்வரை பஸ் ஏறும் ஒரு தாய்க்கு, பிள்ளையோடு விளையாட்டில் சேர்ந்துகொள்வது எப்படி என்ற முதல் அமர்வுப் பொருளே அன்று பயன்படும்.

பிள்ளைகளையும் கூட்டிவருவார்கள். ஒலிபெருக்கி வேண்டாம். மின்விசிறிச் சத்தம் குறைந்த பக்க அறை ஒன்றைத் திறந்து வையுங்கள், இரண்டு மாணவர் அங்கே நிற்கட்டும்.